புரட்டாசியில் வந்த மீன் வாடை

2023 புரட்டாசி. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டைகூட வாங்க மாட்டோம். மூன்றாவது சனிக்கிழமை காலை, தளிகைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "யாரோ மீன் வச்சிருக்காங்க பாரு" என்றார். எனக்கும் வந்தது. குழம்பு வாடை இல்லை, கொஞ்சம் கெட்டுப்போன மீன் மாதிரி. பக்கத்து வீட்டிலும் விரதம்தான். ஜன்னலைச் சாத்தினோம், போகவில்லை. பூனை எதையாவது கொண்டுவந்து போட்டிருக்குமோ என்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன்.

திங்கட்கிழமை இண்டக்‌ஷன் அடுப்பு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் வரமாட்டேன் என்கிறது. சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்த எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டு அதைப் பெயர்த்து எடுத்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்க மேடம்." அதே மீன். பழைய சுவிட்ச், சாக்கெட் செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த வாடைதான் வருமாம். பல நேரம் புகையோ பொறியோ வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். மீன் இல்லாத வீட்டில் மீன் வாடை வந்தால் பூனையைத் தேடக்கூடாது, மெயினை இறக்க வேண்டும் என்பது எனக்கு நாற்பது வயதில் தெரியவந்தது.

காரணம் எளிது. அடுப்பு 2,000 வாட்ஸ், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். நாங்கள் அதைப் பழைய 5 ஆம்பியர் சாக்கெட்டில், நடுவில் ஒரு மல்ட்டி பிளக் வைத்துச் செருகி, இரண்டு வருஷமாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில் 1972இல் தாத்தா கட்டியது. செங்கல் சுவர், காங்கிரீட் தளம். வயரிங் எல்லாம் சுவருக்கு வெளியே: தேக்குச் சட்டத்தின் மேல் வயரை வைத்துத் தகரக் கிளிப் அடித்திருப்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேலேயே வெள்ளையடித்து, சட்டம் எது சுவர் எது என்று தெரியாமல் போயிருந்தது. உள்ளே ஓடியது அலுமினிய வயர். அலுமினியத்தில் முறுக்கிய ஜாயின்ட் நாளாக ஆகத் தளரும், மேலே ஆக்சைடு படியும், சூடாகும். அதோடு செம்பு வயரை முறுக்கினால் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் அப்படி எத்தனை முறுக்கு என்று எண்ணி முடியவில்லை. டிவி வந்தபோது ஒரு வயர், ஃபிரிட்ஜுக்கு ஒன்று, போர் மோட்டாருக்கு ஒன்று, 2012இல் ஏசிக்கு ஒன்று என்று காலத்துக்கு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. எல்லாம் கடைசியில் போய் விழுந்தது தாத்தா வைத்த அதே பீங்கான் ஃபியூஸ் கட்டைகளில்.

அந்த ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அப்பா கம்பியை இரட்டை இழையாக முறுக்கிக் கட்டியிருந்தார். "அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் போகலையே தம்பி" என்று எலக்ட்ரீஷியனிடம் பெருமையாகவே சொன்னார். அவர் பதில் பேசாமல் கட்டையை இழுத்து அப்பா கையில் கொடுத்தார். விளிம்பெல்லாம் கருகியிருந்தது.

சரி, சமையலறைக்கு மட்டும் ஒரு புது லைன் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் கிரைண்டரைப் பார்த்தார். கிரைண்டருக்கு முன்னால் தரையில் ஒரு மரப்பலகை. "இது எதுக்குங்கம்மா?"

"வெறுங்காலோட நின்னா சுருக்குனு இருக்கும். பலகை மேல நின்னா ஒண்ணும் பண்ணாது."

"எத்தனை வருஷமா?"

அம்மாவுக்கு நினைவில்லை. ரொம்ப நாளாக என்றார். எனக்கும் அந்தப் பலகை அங்கே எப்போதும் இருந்தது போலத்தான் தோன்றியது. மாவாட்டுவது என்றால் பலகை மேல் ஏறி நிற்பது. அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றே நான் யோசித்ததில்லை.

சட்டத்தோடு ஒட்டி ஓடிய வெறும் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே அவர் கொல்லைப்புறம் வரை போனார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் எர்த்துக்குத் தனிக் குழி கிடையாது. மண்ணுக்குள் போகும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் கம்பி குழாயில்தான் சுற்றியிருந்தது. ஆனால் குழாய் ஒரு சாண்தான் இருந்தது. அதற்குக் கீழே பிவிசி. 2009இல் துருப்பிடித்த குழாய்களை எல்லாம் மாற்றியபோது பிளம்பர் அந்த ஒரு துண்டை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். அன்றோடு வீட்டின் எர்த் போய்விட்டது. பதினான்கு வருஷம் யாருக்கும் தெரியாது.

அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: "குழாய் மாத்தின வருஷம்தான் உங்கம்மா அந்தப் பலகையை எடுத்துப் போட்டா."

கிரைண்டர் மோட்டாரில் ஈரம் இறங்கினால் கொஞ்சம் மின்சாரம் உடம்பு இரும்புக்குக் கசியும். எர்த் இருந்தால் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால், தொடுகிற ஆள்தான் எர்த். காய்ந்த பலகை அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பலகை ஒருநாள் நனைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே முழு வீட்டுக்கும் வயரிங் மாற்றுவது என்று முடிவாகிவிட்டது.

உடனே ஆரம்பிக்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரை வெட்டினால் பூச்சு காயாது. மார்கழியில் வேலை தொடங்க அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அதுவரைக்கும் சமையலறைக்கு வெளிப்பக்கமாகவே எர்த்தோடு ஒரு தற்காலிக லைன், அதற்கு எம்சிபியும் (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) ஆர்சிசிபியும் (மின்சாரம் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) வைத்த ஒரு சின்னப் பெட்டி. ஏசி லைனைக் கழற்றிவிட்டார். கிரைண்டரை அந்தப் பெட்டியில் செருகிய நொடி ஆர்சிசிபி விழுந்தது. வேலை முடியும்வரை கடை மாவுதான். அம்மாவுக்கு இந்தக் கதை முழுவதிலும் பெரிய துக்கம் அதுதான்.

காத்திருந்த அந்த நான்கு மாதத்தில் மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். ஒருவர் சுவரை வெட்டாமல், மேலே ஒட்டி உள்ளே வயரை ஓட்டும் வெள்ளைப் பிவிசி கேசிங்கில் முழு வீட்டையும் முடித்துத் தருகிறேன், 65,000 போதும் என்றார். இன்னொருவர் பொருளோடு சேர்த்து 1,90,000 என்று ஒரே தொகையாகச் சொன்னார். என்ன வயர், என்ன சுவிட்ச் என்று கேட்டால் "நல்லதாப் போட்டுடலாம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. மூன்றாவது, முதலில் வந்த அதே எலக்ட்ரீஷியன். பொருள் நாங்கள் வாங்கித் தர வேண்டும், கூலி பாயிண்ட்டுக்கு (ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று ஒவ்வொரு இடத்துக்கும்) 450 ரூபாய், 55 பாயிண்ட் வரும், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குள் முடியும் என்றார். அவரையே வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பாயிண்ட்" என்பது ஆளுக்கு ஒரு கணக்கு. ஃபேனும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஒன்றா இரண்டா? மாடிப்படிக்கு மேலும் கீழும் வைக்கிற டூவே சுவிட்ச் எத்தனை பாயிண்ட்? 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு ஒன்றரை பாயிண்ட் கேட்பவர்கள் உண்டு. மெயின் லைன், டிபி பெட்டி (வீட்டின் எல்லா லைனும் பிரிகிற பெட்டி), எர்த் இதெல்லாம் பாயிண்ட்டுக்குள் வருமா, தனியா? சுவர் வெட்டுவது யார், பூசுவது யார்? நான் இதையெல்லாம் ஒரு நோட்டுத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு முதலில் முகம் மாறியது. கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தாளைத் தேடியது அவர்தான். பழைய வயர் யாருக்கு என்பதை மட்டும் எழுத மறந்தோம். அவர் ஆட்களே எடுத்துக்கொண்டு போனார்கள். செம்பு வயர் வீடாக இருந்தால் அது பெரிய பணம்.

உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டேன். கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒரு கான்ட்ராக்டரிடம் இவர் வேலை பார்க்கிறார். பின்னால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்தபோது டெஸ்ட் ரிப்போர்ட்டில் அந்தக் கான்ட்ராக்டர் கையெழுத்துதான் தேவைப்பட்டது. மீட்டருக்கு முன்னால் இருப்பது நம் சொத்து இல்லை, சீலில் கை வைக்கக்கூடாது. மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரை வாரியத்து ஆட்களே வந்து மாற்றினார்கள்.

பொங்கல் முடிந்து தை கடைசியில் ஆரம்பித்தோம். முதல் நாள் வேலை வயரோ சுத்தியலோ இல்லை, சாக்பீஸ். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சுவராகப் போய், "இங்க என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே கட்டம் போட்டார். கேள்வியை எப்போதும் அப்பாவிடம்தான் கேட்பார். அப்பா என்னைப் பார்ப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவரே நேராக அம்மாவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஒரு நாளைக்கு நான் ஒரு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும். கட்டில் எந்தப் பக்கம், தலைமாடு எது, பீரோ நகருமா, வாஷிங் மெஷின் எங்கே, மோடம் எங்கே, நாளைக்கு அப்பாவுக்கு நடக்க முடியாமல் போனால் படுத்தபடியே கைக்கு எட்டும் சுவிட்ச் எது. இதெல்லாம் சாக்பீஸில் இருக்கும்வரை அழிக்கலாம். வெட்டியபின் ஒவ்வொரு "இங்க ஒண்ணு" என்பதற்கும் ஐந்நூறு, அறுநூறு கூடும். எங்களுக்கு 55 பாயிண்ட் கடைசியில் 68 ஆனது. அந்தப் பதின்மூன்றில் எட்டு சமையலறை. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், ஃபிரிட்ஜ், ஆர்ஓ, சிம்னி என்று அம்மா விரல் விட்டு எண்ணியபோதுதான், இந்த வீட்டில் மின்சாரம் செலவாகிற இடம் கூடம் இல்லை என்பது எங்களுக்கே உறைத்தது.

சுவர் வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாருமே எனக்குச் சொல்லாத பகுதி இது.

கட்டிங் மெஷினில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் உளியால் தட்டிக் காடி எடுப்பார்கள். புதுச் சுவரில் அது ஒழுங்காக ஒரு இஞ்ச் அகலத்தில் வரும். எங்கள் சுவர் சுண்ணாம்புக் காரை. உளி வைத்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பூச வேண்டிய அளவு அங்கேயே மூன்று மடங்கானது. படுக்கைவாட்டில் நீளமாக வெட்டக்கூடாது, சுவர் பலம் போய்விடும். மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும். இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவே இருப்பது நாலரை இஞ்ச் சுவர். அதில் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் நேர் எதிரே ஒரு பெட்டி என்று குறித்திருந்தார்கள். உளி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும்தான் தெரிந்தது. ஒரு பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தோம், ஓட்டையை அடைத்தோம். முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

தளத்தில் கை வைக்கவே கூடாது. கட்டும்போதே காங்கிரீட்டுக்குள் பைப் போட்டிருந்தால் சரி. பிறகு ஃபேன் கொக்கிவரை தளத்தைக் கொத்திக் காடி எடுத்தால் கம்பி வெளியே தெரிந்து துருப்பிடிக்கும். எங்களுக்கு இரண்டு வழி: ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது, அல்லது சுவரிலிருந்து ஃபேன்வரை ஒரு மெல்லிய கேசிங் ஒட்டி வெள்ளை அடித்துவிடுவது. இரண்டாவதைச் செய்தோம். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "இவ்வளவு செலவு பண்ணி இதை மட்டும் ஏன் வெளியே விட்டீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். பரவாயில்லை.

இன்று மறுபடி செய்வதாக இருந்தால், கூடமும் சமையலறையும் மட்டும் சுவருக்குள், மற்ற அறைகளெல்லாம் கேசிங் என்றுதான் செய்வேன். 65,000 சொன்னவரை அன்று அலட்சியமாகப் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதி சரி. சுவருக்குள் போனால் அழகு, அவ்வளவுதான். பாதுகாப்பு வயரிலும் டிபியிலும் எர்த்திலும் இருக்கிறது.

தூசியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அறை அறையாகச் செய்துகொள்ளலாம், நாங்கள் மற்ற அறையில் இருந்துகொள்கிறோம் என்று திட்டம். இரண்டாம் நாளே அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பூட்டிய பீரோவுக்குள் பட்டுப்புடவை மேல் சிவப்பாகத் தூசி. அன்று மாலையே இரண்டு பேரையும் நாமக்கல்லில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சுவர் வெட்டும் நாள்களுக்கு அவர்களை எங்கே அனுப்புவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள்.

பன்னிரண்டு நாள் என்றார்கள், இருபத்தாறு ஆனது. எலக்ட்ரீஷியன் பைப் வைத்துவிட்டுக் கொத்தனாருக்குக் காத்திருப்பார். கொத்தனார் பூசிவிட்டுப் போனபின் பூச்சு காயக் காத்திருப்பார். காய்ந்தபோது எலக்ட்ரீஷியன் வேறு வீட்டில் இருப்பார். நடுவில் ஒருநாள் குளியலறைச் சுவரில் தண்ணீர்ப் பைப்பையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். பணத்தை நான்கு தவணையாகப் பிரித்தது நல்லதாகப் போயிற்று: பைப் வைத்ததும் ஒன்று, வயர் இழுத்ததும் ஒன்று, சுவிட்ச் மாட்டியதும் ஒன்று, எல்லாம் சோதித்துக் காட்டியபின் கடைசி. அந்தக் கடைசித் தவணை கையில் இருந்ததால்தான் அவர் திரும்பி வந்தார் என்று நினைக்கிறேன்.

பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்து வைத்தேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆறு மாதம் கழித்து ஷெல்ஃப் மாட்ட வந்தவர் டிரில்லை வைத்த இடத்துக்கு நேர் பின்னால் ஏசி லைன் போவது அந்த ஃபோட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வயர் வாங்கக் கடைவீதிக்கு நானே போனேன். கடைக்காரர்களும் பழைய எலக்ட்ரீஷியன்களும் இன்னும் "ஏழு இருபது", "மூணு இருபது" என்றுதான் பேசுகிறார்கள். 20ஆம் கேஜ் கம்பி ஏழு இழை, மூன்று இழை என்று பொருள். இன்றைய கணக்கில் ஏழு இருபது என்றால் 4 ஸ்கொயர் எம்எம் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) வயர் என்று எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் விளக்கு, ஃபேனுக்கு 1 ஸ்கொயர், டிபியிலிருந்து சுவிட்ச் போர்டுவரை 1.5, சமையலறை பவர் பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4, மீட்டரிலிருந்து டிபிவரை 6. வயர் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். சுருள் 90 மீட்டர். பெயர் தெரியாத மலிவுச் சுருளில் நீளமும் குறையும், செம்பும் மெலியும். பிரிக்காத சுருளைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பில் போடும் முன்னே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இரண்டு சுருள் திரும்பியது.

நிறத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) சிவப்பு, நியூட்ரல் (அது திரும்பும் வயர்) கறுப்பு, எர்த் பச்சை. "மிச்சம் கிடக்கிற மஞ்சளை நியூட்ரலுக்கு இழுத்துக்கிறேன்க்கா, உள்ளேதானே போகுது, யாருக்குத் தெரியும்?" என்றார். (மூன்றாவது வாரத்தில் மேடம் அக்காவாகியிருந்தேன்.) பத்து வருஷம் கழித்து வரப்போகிற இன்னொரு எலக்ட்ரீஷியனுக்குத் தெரிய வேண்டும் என்றேன். கறுப்பு வாங்கி வர ஒரு மணி நேரம் ஆனது.

எர்த்துக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். சேலத்து மண், கேட்க வேண்டாம். கொல்லையில் ஐந்தடியில் பாறை தட்டியது. குழாய் இறக்கி, ஈரம் பிடிக்கும் எர்த் பவுடரைக் கொட்டி அளந்தால் 11 ஓம். இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆர்சிசிபி இருக்கும்போது இதுவே போதும் என்றார். எனக்கு அந்தப் பலகை கண்ணிலேயே நின்றது. பத்தடி தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைத்தோம். 5 ஓமுக்குச் சற்று மேலே வந்தது. மாசி மாதம் அளந்ததால் நம்பலாம். மழைக்காலத்தில் ஈர மண்ணில் எந்தக் குழியும் நல்ல எண்தான் காட்டும். குழி மேல் சின்னத் தொட்டி கட்டி மூடி போட்டிருக்கிறோம், கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர்.

டிபி பெட்டி மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மெயினைப் போட்டதும் எல்லாம் எரிந்தது. மாடிப்படி லைட்டைப் போட்டேன்; பாதி வீடு அணைந்தது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும். கீழ்த்தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி, மாடிக்கும் வெளிப்பக்கத்துக்கும் இன்னொன்று வைத்திருந்தோம். ஆர்சிசிபி செய்வது ஒரே ஒரு வேலை: ஃபேஸில் போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அணைத்துவிடும், வேறு யார் வழியாகவோ கசிகிறது என்று பொருள். படிக்கட்டு லைட்டுக்கு ஃபேஸ் கீழ்த்தளத்திலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் இருந்த மாடி போர்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒன்றில் போனது மற்றொன்றில் திரும்பியது. இரண்டுக்கும் கணக்கு உதைத்தது. பழைய ஃபியூஸ் காலத்தில் நியூட்ரலை எங்கிருந்து கடன் வாங்கினாலும் விளக்கு எரியும். இங்கே எரியாது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள், சரிசெய்யப் பத்து நிமிஷம். "ஆர்சிசிபி வச்சா சும்மா சும்மா விழும்க்கா, எடுத்துடலாமா?" என்று உதவியாளர் ஒருவர் கேட்டார். இப்படிச் சொல்லித்தான் எத்தனையோ வீடுகளில் அதைக் கழற்றியிருப்பார்கள் போல.

ஆனால் ஆர்சிசிபி மட்டும் போதாது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கையால் பிடித்தால் அதற்குத் தெரியாது. வயர் தாங்காத அளவுக்கு லோடு ஏறினாலும் தெரியாது, அதற்கு எம்சிபி. எம்சிபியை வயருக்குத் தக்கபடி வைக்க வேண்டும்: எங்களுக்கு 1.5க்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20. அடிக்கடி விழுகிறதே என்று 16ஐ எடுத்துவிட்டு 32 மாட்டுவதும் அப்பா ஃபியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கியதும் ஒன்றுதான்.

செலவை அப்படியே எழுதிவிடுகிறேன். இது 2024 தை, மாசி விலை. செம்பு விலையைப் பொறுத்து வயர் ஏறும். வயர் 52,450. பைப், பெட்டிகள் 11,000. சுவிட்ச், சாக்கெட், பிளேட் 38,000. இதில் பத்தாயிரமாவது வீண். பளபளப்பான பிளேட்டுக்கு நான் ஆசைப்பட்டது. டிபி, எம்சிபி, இரண்டு ஆர்சிசிபி எல்லாம் சேர்த்தே 9,300தான். உயிரைக் காக்கிற பெட்டி சுவிட்ச் பிளேட்டில் கால்வாசி விலை. எர்த் இரண்டு குழி 14,000. எலக்ட்ரீஷியன் கூலி 68 பாயிண்ட்டுக்கு 30,600, மெயினுக்கும் டிபிக்கும் 4,000. ஆக மின்வேலை 1,59,350.

அப்புறம் சுவர். கொத்தனாரும் சித்தாளும் ஒன்பது நாள், 15,750. சிமென்ட், மணல் 4,000. இடிபாடு அள்ளிய வண்டி இரண்டு நடை 3,600. பட்டி பார்த்துப் பெயிண்ட் 46,000. ஆக 69,350. எந்த எஸ்டிமேட்டிலும் இந்தத் தொகை ஒரு வரியாகக்கூட இல்லை. மொத்தம் 2,28,700. ஒன்றேகால் லட்சத்தில் ஆரம்பித்தது.

சோதனை நாளன்று மெகர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனையும் அளந்து காட்டச் சொன்னேன். ஒரு மெகாஓமாவது இருக்க வேண்டும். புது லைன்கள் எல்லாம் அதைவிடப் பல மடங்கு மேலே. தனியாக எடுத்து வைத்திருந்த பழைய சமையலறை வயர்த் துண்டில் வைத்தபோது முள் எழுந்திருக்கவே இல்லை. கிரைண்டர் மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்து வாங்கியிருந்தோம். நாமக்கல்லிலிருந்து வந்த அம்மா, எலக்ட்ரீஷியன் எவ்வளவோ சொல்லியும், முதலில் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அரிசியைப் போட்டார்.

டிபி கதவுக்கு உள்பக்கம் எந்த எம்சிபி எந்த இடத்துக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஆர்சிசிபியில் "டி" என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தமிழ் மாதம் முதல் தேதி, குளித்துவிட்டு வந்து அழுத்துகிறார், தினசரிக் காலண்டரில் ஒரு டிக் போடுகிறார்.

அந்த வருஷம் ஐப்பசியில் நான் வீட்டில் இல்லாத ஒருநாள், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவிடமிருந்து ஃபோன். நல்ல மழை, மாடி லைன் மொத்தமும் போய்விட்டது, ஆர்சிசிபியைத் தூக்கினால் நிற்கவில்லை. "கையெல்லாம் காய்ஞ்சிருக்கா? காலில் செருப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மாடிப் பக்கத்து எம்சிபி எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். பிறகு ஆர்சிசிபியைத் தூக்கினார், நின்றது. இனி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள் என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் படக்.

"அஞ்சு என்னப்பா எழுதியிருக்கு?"

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன்." கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "கேட் லைட்டு."

அதை மட்டும் இறக்கியே வைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் மழை விட்டதும் விளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே அரை டம்ளர் தண்ணீரும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தனவாம்.